அதிகாரம் இல்லாத வசனம்

சாத்தம் ஜெட்டியில் பாம்பூஃப்ளாட் ஃபெர்ரிக்காக நின்றுகொண்டிருந்தேன். அக்கரையில் இருக்கிற அந்த பாம்பூஃப்ளாட்டில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. விமானத்தில் வந்து இறங்கி, லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு, முகம்கூடக் கழுவாமல் நேராக இங்கேதான் வந்தேன். ஊரின் பேரே இப்போது மாறிவிட்டது. ஆட்டோக்காரரிடம் நான் போர்ட் பிளேர் என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தேன், அவரும் கண்டுகொள்ளவில்லை. டீசல், நனைந்த கயிறு, மரமில்லின் ஈர மரத்தூள் மூன்றும் கலந்து இந்த ஜெட்டிக்கென்று ஒரு வாசனை உண்டு. அது மூக்கில் ஏறினால் பழசெல்லாம் ஒவ்வொன்றாக வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது. ஆனால் முதலில் வந்தது குமட்டல். இருபது வருஷம் கழித்தும் என் வயிறு எதையும் மறக்கவில்லை.

சட்டைப்பையில் இருந்த ஃபோனில் நான் பதில் சொல்லாத ஒரு குரல் செய்தி கிடந்தது. வந்து பத்து நாளாகிவிட்டது. அனுப்பியவள் அனிமா. சிப்பிகாட்டில் இருக்கிறாள், பள்ளிக்கூட டீச்சர். நான் கடைசியாகப் பார்த்தபோது பன்னிரண்டு வயசு. எங்கள் மிஷன் ஆபீஸில் கேட்டு என் நம்பரை வாங்கியிருக்கிறாள். அவளுடைய அம்மா ஃபூல்மணி தீதி இந்த மழைக்காலத்தில் இறந்துபோனார். கல்லறையில் கல் வைக்கப்போகிறார்கள், அதில் அம்மா தினமும் சொல்லிக்கொண்டிருந்த வசனத்தை வெட்டவேண்டும் என்று பிள்ளைக்கு ஆசை. ஹிந்தியில் சொல்லியிருந்ததைத் தமிழில் சொல்கிறேன்: ‘கர்த்தர் யாரை நேசிக்கிறாரோ, அவருக்குக் கல்வி கொடுக்கிறார்.’ நான் அவர்கள் வீட்டில் சொன்ன வசனமாம். “பைபிள் முழுக்கத் தேடிட்டேன் பையா, கிடைக்கல. கல் வெட்டுறவர் அதிகாரம், வசன நம்பர் கேக்குறார். நீங்க சொன்னா போதும்.”

பையா என்றால் ஹிந்தியில் அண்ணன். இந்தப் பையா என்ன செய்வான், சொல்லுங்கள். தேடினால் கிடைக்காது. அப்படி ஒரு வசனம் எந்த பைபிளிலும் இல்லை. அதை உண்டாக்கியவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை. அந்த வயதில் நான் வேண்டுமென்று செய்ததெல்லாம் இதைவிட மோசம்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு. சாத்தான்குளத்துப் பக்கம் ஒரு தேரிக்காட்டு ஊர். அப்பா கோயில் உபதேசியார், எங்கள் பக்கம் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வோம். மகன் மிஷனெரியாகப் போகிறான் என்றதும் ஊர் ஜனம் மொத்தமும் கோயிலில் கூடி என் தலையில் கை வைத்து ஜெபித்தது. ஒரு நீலப் பெட்டி வாங்கித் தந்தார்கள். அம்மா எல்லோரிடமும், “கப்பல்ல ஃபாரின் போறான்” என்றாள். அதே ரூபாய், அதே தபால்தலை, அதே பிரதமர்தான் என்று நான் திருத்தவில்லை. நாலு நாள் கப்பலில் போகிற இடம் ஃபாரின் இல்லாமல் என்ன? அந்த நாலு நாளும் கப்பலின் அடித்தட்டில் பங்கர் படுக்கையில் சுருண்டு கிடந்து, ‘ஒரே மாதத்தில் ஹிந்தி’ என்கிற மாதிரியான ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டுவதும் வாந்தி எடுப்பதுமாக இருந்தேன். ஹிந்தி எழுத்துகளில் சிலவற்றைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு லேசாகக் கிறுகிறுக்கும்.

பயிற்சி ஆறு மாதம். முடிவில் ஒரே ஒரு பரீட்சை. ஏதாவது ஒரு வீட்டில் கூடுகிற ஜெபத்தில், கையில் தாள் இல்லாமல், பத்து நிமிஷம் ஹிந்தியில் செய்தி கொடுக்க வேண்டும். பொறுப்பாளர் எலியாஸ் பையா உட்கார்ந்து கேட்பார். அவர் சரி என்றால் வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். தலையை ஆட்டிவிட்டால் அடுத்த கப்பல். எனக்கு முன்னால் வந்த ஒருவன் அப்படித் திரும்பிப் போய், சென்னை ஆபீஸில் கவர்களுக்குத் தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தான். அவனை நான் பார்த்துவிட்டுத்தான் கப்பலே ஏறினேன். நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து ஊரில் இறங்குவதை நினைத்தால் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து ஹிந்தி வினைச்சொற்களைச் சொல்லிப் பார்ப்பேன். அப்பா மறுநாள் கோயிலில் யார் முகத்தில் விழிப்பார்?

எலியாஸ் பையா ராஞ்சிக்காரர். காடு வெட்ட அந்தப் பக்கத்திலிருந்து கூட்டிவந்த ஜனங்களின் பிள்ளைகளை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. இலக்கணத்திலும் நம்பிக்கை கிடையாது. என் புத்தகத்தை முதல் நாளே வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டு, இந்த ஜெட்டிக்கு என்னைக் கூட்டிவந்தார். தினமும் பாம்பூஃப்ளாட்டுக்கு மூன்று தடவை போய்த் திரும்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் தெரியாத ஒரு ஆளிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும். அக்கரை சேர்வதற்குள் பேச்சு முடிந்திருக்க வேண்டும். ஏன் ஃபெர்ரி என்று கேட்டதற்கு, “பானி மே கஹா பாகேகா?” என்றார். தண்ணீரில் எங்கே ஓடுவாய் என்று அர்த்தம்.

பத்து நிமிஷப் பயணம். காய்கறிக்கூடையும் ஸ்கூட்டரும் கோழியும் ஆபீஸ் போகிறவர்களுமாக நெரிசல். வங்காளி, தெலுங்கர், மலையாளி எல்லோரும் ஆளுக்கொரு விதமாக ஒரே ஹிந்தியைப் பேசுவார்கள். ஆண்பால் பெண்பால் எல்லாம் அங்கே யாரும் பார்ப்பதில்லை. ‘ஹம் ஜாதா, தும் ஆதா’, நான் போறது, நீ வர்றது, அவ்வளவுதான். வினைச்சொல்லுக்குப் பின்னால் வருகிற ‘ஹை’யைக்கூடப் பாதி நேரம் கழற்றிக் கடலில் போட்டுவிடுவார்கள். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

இதற்கிடையில் நானே ஒரு வித்தையும் கண்டுபிடித்திருந்தேன். எங்கள் வேதாகமத் தமிழ் இருக்கிறதே, அதில் பாதி வடசொல். கிருபை, சத்தியம், ஆத்துமா, நித்தியம். கிருபையைக் கிருபா என்றால் ஹிந்தி. சத்தியத்தின் வாலை வெட்டினால் சத்ய, அதுவும் ஹிந்தி. ஆகா, உபதேசியார் மகனுக்குப் பாதி ஹிந்தி பிறக்கும்போதே வந்திருக்கிறது, வாலை வெட்டினால் போதும் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். இந்த ரகசியத்தை எலியாஸ் பையாவிடம் சொல்லவில்லை. அசந்துபோகட்டும் என்று வைத்திருந்தேன்.

ஒருநாள் ஃபெர்ரியில் ஒரு வங்காளிச் சுரைக்காய் வியாபாரி, “ஷாதி ஹுவா?” என்று கேட்டார். கல்யாணம் ஆயிற்றா என்று கேட்கிறார். மனைவி இல்லை என்று சொல்ல வேண்டும். சம்சாரத்தின் வாலை வெட்டினேன். வழக்கமான குமட்டலோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி, “மேரா சன்சார் நஹீ ஹை” என்றேன். அவர் சுரைக்காயைப் போட்டுவிட்டு என் சட்டைக்காலரை இறுகப் பிடித்தார். இன்னும் இரண்டு பேர் வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டார்கள். ஹிந்தியில் சன்சார் என்றால் உலகமாம். எனக்கு இந்த உலகமே இல்லை என்று கடலிடம் சொல்லியிருக்கிறேன். ஃபெர்ரியில் வேலை பார்த்த கருப்பையா அண்ணன், ராமநாதபுரத்துக்காரர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, “என்ன தம்பி, குதிக்கப் போறீகளாம்ல?” என்று கேட்டார். அவர் வீட்டுக்குப் பக்கத்து அறையில்தான் நான் குடியிருந்தேன். அன்று சாயங்காலம் நாங்கள் குடியிருந்த கராச்சர்மா முழுவதும் செய்தி பரவிவிட்டது.

அன்றைக்கே அந்த வித்தையைக் கைவிட்டிருக்க வேண்டும். நான் சம்சாரத்தை மட்டும்தான் கைவிட்டேன்.

கராச்சர்மாவில் தகரக்கூரை போட்ட நாலு அறைகள் வரிசையாக இருக்கும். ஒன்றில் கருப்பையா அண்ணன் குடும்பம், அடுத்ததில் நான். மற்றவர்கள் அதை லைன் என்றார்கள். அண்ணனின் மனைவி வள்ளியக்கா மட்டும் லயம் என்பார். அக்காவின் அப்பா அம்மா கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அரசாங்கம் அவர்களைத் தீவுக்கு அனுப்பி ரப்பர் தோட்டத்தில் வேலை கொடுத்தது. அப்போது அக்காவுக்கு ஆறு வயசாம். எனக்கும் அக்காவுக்கும் அப்படியொன்றும் பெரிய வயசு வித்தியாசம் இல்லை, முப்பதைத் தாண்டியிருப்பார். சிப்பிகாட் பண்ணையில் நாற்றுப் பகுதியில் தினக்கூலி. பிள்ளைகளைக் கொஞ்சுவது தமிழில், கோழியை விரட்டுவது ஹிந்தியில், புருஷனோடு சண்டையும் ஹிந்தியில்தான். ஏன் என்று கேட்டால், “ஹிந்தியில ஏசுனா மனசுல தங்காது தம்பி” என்பார்.

அக்கா முருக பக்தை. நான் மதம் மாற்ற வந்த ஆள் என்று தெரியும். அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. காலையில் விபூதியோடு வந்து, “ஒங்க சாமிக்கும் சேத்துத்தான் கும்புட்டேன், ஃபெர்ரியில வாந்தி வராது போங்க” என்பார். வாந்தி வரத்தான் செய்தது. அக்காவின் நம்பிக்கை குறையவில்லை.

போர்ட் பிளேரில் ஒரு பெரிய ஆபீஸ் வாசலில் ஹிந்தியில் ஒரு பலகை. நின்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஷி... க்ஷா. ஷிக்ஷா விபாக். விபாக் என்றால் இலாகா என்று தெரியும். எனக்கு ஒரே ஆச்சரியம். எங்கள் பைபிளில் சிட்சை என்று வரும். தகப்பன் பிள்ளையை அடித்துத் திருத்துகிற தண்டனை. வால்கூட வெட்டாமல் அப்படியே இருக்கிறதே! தண்டனைக்கு ஒரு இலாகாவா? யோசித்தால் அதில் ஒன்றும் ஆச்சரியமில்லை. ஊரே ஒரு காலத்தில் ஜெயில்தானே, அந்த ஆபீஸை இன்னும் மூடாமல் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். டிபன் பாக்ஸோடு பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு உள்ளே போனதுதான் கொஞ்சம் உறுத்தியது. ‘இங்கே தண்டனைக்கென்றே இரண்டு மாடியில் தனி ஆபீஸ் இருக்கிறது’ என்று அப்பாவுக்கு எழுதினேன். அவர் அதை ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினாராம்.

இப்போது ஃபூல்மணி தீதிக்கு வருகிறேன். தீதி என்றால் அக்கா. இவரும் ராஞ்சிக்காரர், எங்கள் சபை. வள்ளியக்காவோடு பண்ணையில் கூலிவேலை பார்த்தார். என் பேர் அவர் வாயில் நுழையவில்லை, நான் மத்ராசி பையாதான். அவருடைய புருஷன் ரோட்டு வேலைக்குப் போனவர், காய்ச்சல் வந்து ஆறே நாளில் இறந்துபோனார். ஒரு மாதம் கழிந்து அந்த வீட்டில் ஆறுதல் ஜெபம் வைத்தார்கள். என் பரீட்சைக்கு எலியாஸ் பையா குறித்த வீடும் அதுதான்.

முந்தின நாள் வள்ளியக்கா மீன் கழுவிக்கொண்டே என்னிடம் பேச்செடுத்தார்.

“ஃபூல்மணி மகள் இருக்குல்ல, அனிமா. ஏழாவது. நல்லாப் படிக்கிற புள்ள. நிப்பாட்டிட்டா. வர்ற திங்கக்கெழமை டவுன்ல ஒரு ஆபீசர் வீட்டுக்குக் கொழந்த பாத்துக்க அனுப்புறாளாம். நான் சொல்லிப் பாத்துட்டேன், கேக்குறா இல்ல. ஒங்க வாயால ஒரு வார்த்த சொன்னா கேப்பா தம்பி.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அக்கா, நான் தேவ வசனம் சொல்லப் போறேன். அவங்க குடும்ப விஷயத்துல தலையிட முடியாது” என்றேன். அக்கா மீனின் செதிலைச் சுரண்டுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சுரண்ட ஆரம்பித்தார். இன்றைக்கும் அந்தச் சத்தம் கேட்கிறது, கூச்சமாக இருக்கிறது.

நான் எடுத்து வைத்திருந்த செய்தி சிட்சையைப் பற்றியது. கர்த்தர் யாரை நேசிக்கிறாரோ அவரைச் சிட்சிக்கிறார். புருஷன் செத்ததும் சிட்சைதான். முறுமுறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். இருபத்திரண்டு வயதில் அடுத்தவர் துக்கத்துக்குக் காரணம் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இருந்ததில்லை. ஒரு மாதம் முன்னால் புருஷனைப் புதைத்த பெண்ணின் முன்னால் இதைச் சொல்லப்போகிறோமே என்று கொஞ்சமும் தோன்றவில்லை. ‘ஹை’ எங்கே வரும், எங்கே வராது என்பது மட்டும்தான் என் கவலை.

சிப்பிகாட்டில் அவர்கள் வீடு மூங்கில் தட்டியும் தகரமும். நல்ல மழை. பத்துப் பன்னிரண்டு பேர் பாயில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பால் இல்லாத டீயும் பொரியும் கொடுத்தார்கள். வள்ளியக்காவும் வந்திருந்தார், கூட வேலை பார்க்கிறவள் வீட்டுத் துக்கம் என்பதால். சுவரில் ஆணியில் ஒரு பள்ளிக்கூடப் பை தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் உருளைக்கிழங்கு இருந்தது வெளியே தெரிந்தது. அதற்குக் கீழே அனிமா, முழங்காலைக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். எலியாஸ் பையா கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்தார்.

தகரத்தில் விழுகிற மழைக்கு மேலே கேட்க வேண்டும் என்று கத்தினேன் என்றே சொல்லலாம். “பிரபு ஜிஸ்ஸே ப்ரேம் கர்தா, உஸ்கோ ஷிக்ஷா தேதா!” ஃபூல்மணி தீதி நிமிர்ந்து பார்த்தார். ஆகா, வசனம் தைக்கிறது என்று எனக்குத் தைரியம் வந்தது. அப்பாவின் கோபக் குரலை வரவழைத்துக்கொண்டு அனிமாவைக் கைநீட்டிச் சொன்னேன்: “ஆப்கா பேட்டி கோ பீ தேகா! ஷிக்ஷா ஸே மத் பாகோ!” உன் மகளுக்கும் கொடுப்பார், ஷிக்ஷாவுக்குப் பயந்து ஓடாதே. பேச்சு மறக்கிற இடத்திலெல்லாம் இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒன்பது தடவையாவது சொல்லியிருப்பேன். எனக்கு வேறு ஹிந்தி தீர்ந்துபோயிருந்தது.

தீதி அழ ஆரம்பித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மகளையும் ஆணியில் தொங்கின பையையும் மாறி மாறிப் பார்த்தார். அனிமா முதல்முறையாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். எலியாஸ் பையா “ஆமென்” என்றார். சத்தம் போட்டே பேசாத மனுஷன் அவ்வளவு சத்தமாகச் சொன்னது எனக்கே பயமாக இருந்தது. ஜெபம் முடிந்ததும் என் தோளைத் தட்டி, துக்க வீட்டில் இப்படி ஒரு செய்தியை இதுவரை கேட்டதில்லை, பாஸ் என்றார். நீலப் பெட்டியோடு ஊருக்குத் திரும்ப வேண்டியதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கராச்சர்மாவுக்குத் திரும்புகிற பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம், நான் பக்கத்தில். பாதி வழியில் அக்கா என் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்.

“தம்பி, ஷிக்ஷான்னா என்னன்னு நெனச்சு சொன்னீங்க?”

“சிட்சை அக்கா. தண்டனை.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தால் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, மூச்சு வாங்கினார்.

“அரே, அது படிப்பு தம்பி. பள்ளிக்கூடத்துப் படிப்பு. டவுன்ல ரெண்டு மாடி ஆபீஸ் நிக்கிதே, அது படிப்பு ஆபீஸ்.”

எனக்கு உடம்பெல்லாம் சுட்டது. ஒன்பது தடவை சொன்னேனே! உன் மகளுக்கும் படிப்புக் கொடுப்பார், படிப்பைக் கண்டு ஓடாதே. கத்தியல்லவா சொல்லியிருக்கிறேன்! எழுந்து கண்டக்டரைப் பார்த்து நிறுத்தச் சொல்லப் போனேன். ஓடிப்போய்த் திருத்திவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். தேவ வசனத்தைப் புரட்டியவன் என்ற பயம் எனக்கு. அக்கா என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். அந்தத் தீவில் என் சட்டையை இரண்டாவது தடவையாகப் பிடித்தார்கள்.

“போயி என்ன சொல்லுவீங்க? ஒங்கள சாமி படிக்கச் சொல்லல, அடிச்சுப் போட்டாருன்னா? புருஷனப் பறிகுடுத்தவகிட்ட சொல்ற பேச்சா அது? நீங்க சொல்ல வந்தது எனக்கு வெளங்கிருச்சி. அவளுக்கு வெளங்குனதும் எனக்கு வெளங்கிருச்சி. அவளுக்கு வெளங்குனதே இருக்கட்டும்.”

கொஞ்சம் கழித்து அக்காவே, “நேத்து நான் அவ்வளவு கேட்டும் மாட்டேன்னீங்க. ஒங்க சாமிக்கு ஒங்களவிட நல்லா ஹிந்தி வருது தம்பி” என்றார். அதற்குப் பிறகு கராச்சர்மா வருகிறவரை விட்டு விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்.

திங்கட்கிழமை முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாயங்காலம் அக்கா பண்ணையிலிருந்து வருவதைப் பார்த்து ரோட்டுக்கே போய் நின்றேன். அக்கா தூரத்திலிருந்தே கையை ஆட்டினார். பிள்ளை டவுனுக்குப் போகவில்லை. பையிலிருந்த உருளைக்கிழங்கைத் தீதி தரையில் கொட்டிவிட்டு, பையைத் துவைத்து, காய்வதற்குள் ஈரத்தோடு மாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டாராம். பண்ணையில் எல்லோரிடமும், பிரபுவே சொல்லியனுப்பிவிட்டார், நான் எப்படி மறிப்பேன் என்றாராம்.

எலியாஸ் பையாவிடம் சொல்லியிருக்க வேண்டும். பல நாள் அவர் வீட்டு வாசல்வரை போனேன். சொன்னால் பாஸ் போய்விடுமோ என்று திரும்பிவிட்டேன். ஆகவே நண்பரே, நான் மிஷனெரி ஆனது ஒரு தப்பான வார்த்தையினால். பிறகு மத்திய இந்தியாவில் ஒரு காட்டூருக்கு அனுப்பினார்கள், பதினோரு வருஷம் இருந்தேன். ஹிந்தியை ஒழுங்காகப் படித்தேன். துக்க வீடுகளுக்கு எத்தனையோ தடவை போனேன். ஆனால் சிட்சையைப் பற்றி அதற்குப் பிறகு எங்கேயும் பேசியதில்லை. பேச வாயெடுத்தால் அந்த உருளைக்கிழங்குப் பை கண்ணில் வந்து நிற்கும். டீயைக் குடித்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிடுவேன். மனைவிக்கு உடம்பு முடியாமல் ஊர் திரும்பினோம். இப்போது பாளையங்கோட்டையில் ஒரு அச்சகத்தில் ஹிந்தி, தமிழ் இரண்டுக்கும் பிழை திருத்துகிறேன். சிரிக்காதீர்கள்.

ஃபெர்ரி வந்தது. ஏறி, அக்கரை போய், இறங்காமல் அதிலேயே திரும்பினேன். யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. எல்லோரும் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் சும்மா இருந்துவிட்டேன். பிறகு கராச்சர்மாவுக்குப் போய் வள்ளியக்காவின் லயத்தைத் தேடினேன். அந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டிடம், கீழே ஃபோன் கடை. கருப்பையா அண்ணன் ரிட்டயராகி, குடும்பத்தோடு மெயின்லேண்ட் போய்விட்டார் என்று ஒருவர் சொன்னார். எந்த ஊர் என்று தெரியவில்லை. எலியாஸ் பையா காலமாகி நாலு வருஷம். நான் சொல்ல வந்ததும் ஃபூல்மணி தீதிக்கு விளங்கியதும் இரண்டும் தெரிந்த ஒரே ஆள் அக்காதான். அக்காவும் இல்லாமல் அனிமா வீட்டு வாசலில் போய் நிற்க எனக்குக் கால் வரவில்லை. ஆனாலும் மறுநாள் போனேன்.

வீடு இப்போது கான்கிரீட். அனிமா விடைத்தாள் கட்டை ஒதுக்கிவிட்டு டீ கொண்டுவந்தாள், இந்தத் தடவை பால் விட்டு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அது பைபிளில் இல்லை. பைபிளில் இருப்பது வேறு. உன் அம்மாவைக் கடவுள் தண்டித்தார் என்று சொல்லத்தான் வந்தேன். உனக்கும் தண்டனை வரும் என்றுதான் கைநீட்டிக் கத்தினேன். எனக்கு ஹிந்தி தெரியவில்லை. சொல்லி முடித்துவிட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தேன். இருபது வருஷமாக அந்த அம்மாள் தினமும் சொன்ன ஜெபத்தை மகளிடமிருந்து பிடுங்குகிறேனே என்று இருந்தது.

அவள் டீச்சர்கள் கேட்கிற மாதிரி, முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டாள். கொஞ்ச நேரம் விடைத்தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கினாள்.

“பைபிள் மே நஹீ ஹை?”

“நஹீ.”

“தோ ஆப் போலா. பஸ்.” அப்படியானால் நீங்கள் சொன்னது, அவ்வளவுதானே. அம்மா பேசிய அதே தீவு ஹிந்தி. பிறகு பேச்சை மாற்றி, ஊரில் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்துவைத்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, “கோபமா உனக்கு?” என்று கேட்டேன். “நான் ஏழாவது பாஸாயிட்டேன் பையா” என்றாள், ஹிந்தியில்.

ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து, அச்சகத்தில் இருக்கும்போது ஃபோனில் படம் வந்தது. கறுப்புக் கல். மேலே ஃபூல்மணி தீதியின் பெயர். அதற்குக் கீழே நான் மழையில் கத்திய வாக்கியம், கத்தினபடியே. பிழை திருத்துகிறவன் புத்தி, முதலில் கண்ணில் பட்டது விட்டுப்போன இரண்டு ‘ஹை’கள்தான். அவள் ஹிந்தி டீச்சர், தெரியாமல் விட்டிருக்கமாட்டாள். வாக்கியத்துக்குக் கீழே, அதிகாரமும் வசன எண்ணும் வர வேண்டிய இடத்தில், ‘மத்ராசி பையா’ என்று வெட்டியிருந்தது.

மேஜையில் ஹிந்திப் புரூஃப் கிடந்தது. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது என் ஹிந்தியில் பிழையே வருவதில்லை. ஆண்பால், பெண்பால், ‘ஹை’ எல்லாம் அதனதன் இடத்தில் சரியாக விழுகிறது. இந்தப் பிழையில்லாத ஹிந்தியில் இத்தனை வருஷமாக எவ்வளவோ பேசியிருக்கிறேன். அதில் ஒரு வாக்கியத்தைக்கூட யாரும் கல்லில் வெட்டவில்லை.